சத்து மாத்திரை

திருநகர், மதுரை
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்பிள்ளை அழகுராஜாவுக்கு,

உன் மச்சான் உக்கிரபாண்டி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா பாண்டீஸ்வரியும் மகள் சத்யப்ரியாவும் நலம். புனேயில் உன் நலத்துக்கும், ஆய்வுக்கூடத்தில் நீ வளர்க்கிற செல்களின் நலத்துக்கும் பதில் எழுதவும்.

கடந்த வியாழக்கிழமை காலை, இட்லிக்கும் காபிக்கும் நடுவில், இந்த வீட்டின் வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவை எடுத்தேன். சத்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு தரப்பையும் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று உனக்குத் தெரியும்.

மாத்திரைத் தரப்பின் வாதம் இது. பிப்ரவரியில் எனக்கு அசதியாக இருந்தது. உன் அக்கா மேலூர் ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வெகுநேரம் பேசினார். என் காதின் நிலைமை நீ அறிந்ததே. பேசி முடித்ததும் உன் அக்கா என் காதருகே வந்து கத்தினாள்: "சத்து கம்மியாம்!" அவ்வளவு நீண்ட வாதத்தை இரண்டு சொல்லில் சுருக்குகிற திறமை எந்த வக்கீலிடமும் நான் கண்டதில்லை.

எதிர்த்தரப்பு என் வயிறு. மாத்திரை விழுங்கிய நாள் முதல் குமட்டலும் வயிற்றுப்போக்கும். டப்பாவின் மேல் குதிரை ஒன்று பாய்ந்து ஓடுகிற படம் போட்டிருக்கிறது. எதை நோக்கி ஓடுகிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது. சத்து என்ற பெயரில் உள்ளே போவது, ஏற்கெனவே இருந்த சத்தையும் கைப்பிடித்து வெளியே அழைத்துப்போகிறது.

ஆகவே தினமும் அந்த மாத்திரையை எங்கள் வாஷ்பேசின் சாப்பிடுகிறது. அதற்கு இதுவரை குமட்டல் இல்லை. உன் அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போனில் பேச என் காது உதவாததால் எழுத்தில் தருகிறேன். வெயில் கொளுத்துகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்,
உக்கிரபாண்டி


புனே
29 ஏப்ரல் 2025

மச்சான் அவர்களுக்கு அழகுராஜாவின் வணக்கம். நான் சுகம். அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். குமட்டல் சில வாரங்களில் அடங்கிவிடும். சாப்பிட்ட உடனே, நிறையத் தண்ணீரோடு, முழுதாக விழுங்குங்கள். ஒருநாள்கூட விடக்கூடாது. உங்கள் வயதில் சத்து அவசியம்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை. அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

சத்யப்ரியாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

பணிவுள்ள,
அழகுராஜா


திருநகர்
12 மே 2025

தம்பி அழகுக்கு அக்கா எழுதுறது. நல்லா இருக்கியாப்பா? நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட எண்ணெயில திங்காத.

போன்ல பேசலாம்னா சத்யப்ரியா காதுல விழுந்துரும். அப்பனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது, மகளுக்கு எறும்பு ஊர்றதுகூட கேக்கும். அதான் போஸ்ட் ஆபீஸ்லயே நின்னு எழுதுறேன்.

நீ சொன்ன அன்னைக்கே வாஷ்பேசின் சமாசாரத்தைப் பிடிச்சுட்டேன். இப்ப நானே முன்னால நின்னு முழுங்கவச்சு, வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்குறேன். "கோர்ட்டுல கைதியக்கூட இப்படிச் சோதிக்க மாட்டாய்ங்கடி"ங்குறாரு.

ரத்தத்துல புத்துநோய்னு அவருகிட்டச் சொல்லிருன்னு சொல்ற. எப்படிடா சொல்லுவேன்? ஒத்தக்கடை மாப்பிள்ளை வீட்டோட பேசி முடிச்சாச்சு. ஆனியில மண்டபம் கிடைக்கல, ஆவணியில முகூர்த்தம். ரத்தத்துல வியாதின்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, பொண்ணுக்கும் அதே ரத்தந்தானம்பாய்ங்க. அது ஒட்டுற வியாதி இல்ல, பிள்ளைக்கு அப்படியே வந்துராதுன்னு நீ சொல்ற. ஒத்தக்கடையில வந்து நீ பாடம் நடத்துவியா?

உங்க மச்சானுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பஸ் ஏறிப்போய் சம்பந்திகிட்ட அவரே சொல்லிப்புடுவாரு. மறைச்சுக் கல்யாணம் பண்ணுறது மோசடிம்பாரு. அந்த மனுசன் எதையும் விடாமப் படிப்பாருன்னுதான், டாக்டர் குடுத்த அட்டையப் பிரிச்சு சத்து மாத்திரை டப்பாவுல கொட்டி வச்சிருக்கேன். இம்புட்டும் பண்ணி வச்சிருக்கேன், நீ கெடுத்துராத. தாலி ஏறுற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்யப்ரியா தலை மேல சத்தியம் பண்ணிருக்க. ஞாபகம் இருக்கட்டும்.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல.

அக்கா பாண்டீஸ்வரி


திருநகர்
1 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம். உன் நலமும் அதுவே ஆகுக.

இந்த வீட்டில் யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். உன் அக்கா மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. விஷயம் தெரிந்த மற்றொரு தரப்பு வாஷ்பேசின். அதைத்தான் கவனித்துவருகிறேன்.

ஆனால் டார்ச் வெளிச்சம் கன்னத்துக்கும் மேல் ஈறுக்கும் நடுவே போகாது. மனித வாயின் அமைப்பில் எதிர்த்தரப்புக்கு இவ்வளவு வசதி இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிகிறது. போன வாரம் மோரில் பொடித்துப் போட்டுக் கொடுத்தாள். கசந்தது. கொட்டிவிட்டேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி ஆண்டிச்சாமி உன்னைப் பற்றி விசாரித்தார். "பொண்ணோட தாய்மாமன் என்ன வேலை பாக்குறாரு?" என்றார். செல்கள் எப்படிச் சாகின்றன என்று பார்க்கிறார் என்றேன். அவர் "அதைப் பாக்குறதுக்குமா சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்று என் காதில் கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கல்யாணத்தில் மறுபடி கேட்பார். சரியாக எழுதி அனுப்பு, படித்துவைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உக்கிரபாண்டி


புனே
22 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு, வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன்.

சம்பந்தியிடம் அவர் கையையே காட்டிச் சொல்லுங்கள். தாயின் வயிற்றில் கை முதலில் அகப்பை மாதிரி ஒரே தகடாக இருக்கிறது. பிறகு, விரல்களுக்கு நடுவே இருக்கிற செல்களுக்கு ஓர் உத்தரவு வருகிறது. அவை செத்துவிடுகின்றன. மிச்சம் இருப்பதுதான் ஐந்து விரல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னை முடித்துக்கொள்ளும் முறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அடிபட்டுச் சாகும் செல் வெடித்து, உள்ளே இருப்பதைத் தெருவெல்லாம் கொட்டிவிடும். அதனால்தான் காயம் வீங்குகிறது. உத்தரவுப்படி சாகும் செல் அப்படிச் செய்யாது. சுருங்கி, தன்னைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். அக்கம்பக்கத்துச் செல்கள் எடுத்து விழுங்கிவிடும். உங்களுக்குள் இன்று மட்டும் கோடிக்கணக்கில் இப்படிப் போயிருக்கின்றன. நீங்கள் நலமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதில் பிசகு இரண்டு வகை. போகக்கூடாதவை போவது ஒன்று. மறதி நோயில் மூளைக்குள் நடப்பது. போக வேண்டியவை போகாமல் இருப்பது மற்றொன்று. ரத்தத்தில் ஒருவகைப் புற்றுநோய் உண்டு. வேலை முடிந்த வெள்ளணுக்கள் சாக மறுத்து உள்ளேயே தங்கிவிடும். உங்கள் பாஷையில் சொன்னால், அவை ஒரு தடையுத்தரவு வாங்கி வைத்திருக்கின்றன. ஒரு புரதம்தான் அந்தத் தடையுத்தரவு. அதை நீக்குகிற மாத்திரை இப்போது இருக்கிறது, மச்சான். தினமும் சாப்பிட வேண்டும். குமட்டும். வயிறு போகும். நடுவில் விட்டால் தடையுத்தரவு மறுபடி அமலுக்கு வந்துவிடும்.

இந்தக் கடைசிப் பத்தியை இரண்டுமுறை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அழகுராஜா


திருநகர்
5 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ஆசிகள்.

நீ சொன்னபடி இரண்டுமுறை படித்தேன். நீ கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டியவன். பதவிக்காலம் முடிந்தும் போக மறுப்பதும், தடையுத்தரவு வாங்கி உட்கார்ந்திருப்பதும் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சின்னக்கருப்பன் மட்டும்தான் செய்வார் என்று நினைத்திருந்தேன். ரத்தத்திலேயே இருக்கிறது என்பது புதிய செய்தி. அவருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்.

கடைசிப் பத்தியால் எனக்கு ஒரு பெரிய உதவி. அந்த நோயாளிக்குக் குமட்டுகிறது, வயிறு போகிறது, பொறுத்துக்கொள்கிறான். அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெறும் சத்துக்காக நான் ஏன் பொறுக்க வேண்டும்? என் முடிவில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. உன் கடிதம் அதைத் தீர்த்துவிட்டது.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் பெயரில் உன் பட்டங்களைப் போட இடம் போதவில்லை. நான் நன்றாக மெலிந்திருக்கிறேன். வேட்டிக்கு மேல் பெல்ட் போடவேண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் இளைத்தது அழகாக இருக்கிறது என்கிறார்கள். வியர்வைதான் அதிகம். மதுரையில் அதை யாரிடம் புகார் செய்வது?

உக்கிரபாண்டி


புனே
27 ஜூலை 2025

மச்சான் அவர்களுக்கு, வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் அபிப்பிராயம் வேண்டும். இங்கே என்னோடு வேலை பார்ப்பவரின் மச்சானுக்கு, நான் எழுதியிருந்த அதே நோய். வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நல்ல காரியம் முடியும்வரை மறைத்திருக்கிறார்கள். மருந்தை வேறு பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி, இது தேவையில்லை என்று அவர் ரகசியமாக நிறுத்திவிட்டார். டாக்டர், நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்று முடிவுகட்டப் பார்க்கிறார். இரண்டு பக்கத்து உண்மையும் என் நண்பருக்கு மட்டும் தெரியும்; மருந்து நின்றதைச் சொன்னால் வீட்டார் நம்புவதில்லை. நோயை மச்சானிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

அவர் என்ன செய்ய வேண்டும்?

அழகுராஜா


திருநகர்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, இங்கு அனைவரும் நலம்.

நீ அனுப்பிய வழக்கைப் படித்தேன். ஓய்வு பெற்றபின் எனக்கு வந்த முதல் வழக்கு. ஆகையால் சுருக்கமாக முடிக்க விருப்பமில்லை.

நோயாளி மேல் குற்றம் இல்லை. அவர் மறுத்தது மருந்தை அல்ல, தனக்குச் சொல்லப்பட்டதை. மனைவி மேல் குற்றம் உண்டு. ஆனால் அவர் கணவனை இழக்கப்போகிறவர் என்பதால் கோர்ட் வேறு தண்டனை தரத் தேவையில்லை. மிஞ்சுவது உன் நண்பர். படித்தவர். எல்லாம் தெரிந்தவர். வாயை மூடிக்கொண்டு ஊர் ஊராக அபிப்பிராயம் கேட்கிறவர். இவரைப் பற்றி நான் எழுத நினைப்பதை உன் அக்கா படித்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

நல்ல காரியத்தைத் தள்ளிவைக்கலாம். நாமே ஆனியிலிருந்து ஆவணிக்குத் தள்ளவில்லையா? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உத்தரவு: உடனே சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வேண்டும். கடிதத்தில் கூடாது. கடிதம் படிக்கிறவன் தனியாக இருப்பான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடு. மாலை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

உக்கிரபாண்டி


புனே
9 செப்டம்பர் 2025

மச்சான் அவர்களுக்கு, வணக்கம். நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். சத்யப்ரியாவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து போனார்களா?

மண்டபத்தின் மாடிப்படிக்குக் கீழே நான் சொன்னதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, என் தோளைத் தட்டி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு மாப்ள" என்று சொன்னீர்களே, அதை ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

உங்களுக்குத் தெரிந்துவிட்டதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீங்களாகச் சொல்வதுதான் முறை. நான் சொன்னபடி செய்யத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அழகுராஜா


திருநகர்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். இந்தமுறை ஒரு சிறு திருத்தம். கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் புடைத்திருக்கிறது. சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. உன் அக்கா வாயு என்கிறாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. பெண் போன வீடு. அவள் அடிக்கடி அழுகிறாள். நானும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது ஒரு விஷயம். நீ மாடிப்படிக்குக் கீழே என்ன சொன்னாய்? கல்யாணத்துக்கென்று மாட்டியிருந்த காதுக் கருவியை, மேளம் முழங்கியதால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாய், கண் கலங்கியிருந்தது. தாலி ஏறிய நேரத்தில் தாய்மாமன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். காது போனவர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்படிச் செய்தால் பேசுகிறவர்கள் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள்.

உன் கடிதத்தைப் பார்த்தால் முக்கியமான ஏதோ போலிருக்கிறது. எழுது.

உக்கிரபாண்டி


புனே
1 அக்டோபர் 2025

மச்சான்,

அது சத்து மாத்திரை அல்ல. ஜூனில் நான் எழுதியிருந்த மாத்திரை அதுதான். ஆகஸ்டில் நீங்கள் தீர்ப்பு எழுதிய வழக்கு நம் வீட்டு வழக்கு.

பிப்ரவரியிலேயே தெரியும். உங்களுக்குத் தெரிந்தால் சம்பந்தியிடம் சொல்லிவிடுவீர்கள், கல்யாணம் நின்றுவிடும் என்று அக்கா பயந்தாள். தாலி ஏறும்வரை சொல்ல மாட்டேன் என்று சத்யப்ரியாமேல் சத்தியம் செய்தேன். கல்யாணத்தன்று காலையில், தலைதீபாவளி முடியட்டும்டா என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் உங்களைப் படிக்குக் கீழே அழைத்துப்போனேன். சொல்லிவிட்டதாக நினைத்து ஊருக்கு வந்து தூங்கினேன்.

கழுத்தில் இருப்பது வாயு அல்ல. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்போது நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ரயிலில் வர இரண்டு நாள் ஆகும் என்பது ஒரு காரணமே அல்ல. என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

அழகுராஜா


திருநகர்
13 அக்டோபர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு.

கடிதம் கிடைத்தது. உன் அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். ஆகஸ்டில் நான் எழுதிய தீர்ப்பை மனதுக்குள் ஒருமுறை திரும்பப் பார்த்தேன். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு மறுநாளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கேட்காது, எழுதிக் காட்டுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். பாவம், அவருக்கு இப்படி ஒரு வழி இருப்பது முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. ஏப்ரலிலிருந்து நான் விழுங்கவில்லை என்றதும் பேனாவை வைத்துவிட்டு என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அங்கிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு சங்கக் கூட்டம் போட்டேன்.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். பழைய செல்கள் வேறு வகையாக மாறிவிட்டன. இவை சாக மறுப்பதோடு வேகமாகப் பெருகவும் செய்கின்றன. அந்த மாத்திரை இவற்றிடம் இனி எடுபடாது. கடுமையான மருந்து இருக்கிறது. ஊசி வழியாக ஏற்ற வேண்டும். என் உடம்பு இப்போது இருக்கிற நிலையில் தாங்காது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஏதோ எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, பார்க்கலாம் என்று எழுதினார்.

சத்யப்ரியாவும் மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வருகிறார்கள். உன் அக்கா அதுவரை எனக்குத் தெரியக்கூடாது என்றிருக்கிறாள். நானும் அதுவரை எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். நீயும் போனில் எதுவும் உளறாதே. நேரம் கிடைத்தால் வா. முகத்தைப் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தாய்; என் முகம் இப்போது வீங்கித்தான் இருக்கிறது, பழைய முகம் இல்லை. வா.

உன் மச்சான்,
உக்கிரபாண்டி

பி.கு.: உன் அக்கா தருகிற மாத்திரையைச் சனிக்கிழமை முதல் தினமும் விழுங்கிவருகிறேன்.